ஸ்டீராய்டுக்குப் பின் எடுத்த மூளைத் திசு: ஒரு நிகழ்வு ஆய்வு

தமிழ்நாட்டின் தென்மாவட்டம் ஒன்றிலுள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நடந்த நிகழ்வு இது. நோயியல் துறையில் இந்த நோயாளியின் திசுவை இரண்டு முறையும் பார்த்து அறிக்கை எழுதியவள் நான். நோயாளியை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். முதல் சி.டி. ஸ்கேன் எடுத்த நாளை முதல் நாளாகக் கொண்டு மற்ற நாள்களைக் கணக்கிட்டிருக்கிறேன்.

பின்னணி

நோயாளி 56 வயதுப் பெண். பேருந்து நிலையத்தை ஒட்டிய தெருவில் இட்லிக் கடை நடத்துபவர். நீரிழிவு, இரத்த அழுத்தம் எதுவும் இல்லை. கணவருக்கு ஆறு ஆண்டுகளுக்கு முன் நுரையீரல் காசநோய் வந்து முழுச் சிகிச்சையில் குணமாகியிருந்தது. இந்தத் தகவல் பின்னர் நடந்த எல்லா விவாதங்களிலும் அதன் தகுதிக்கு மீறிய இடத்தைப் பிடித்துக்கொண்டது.

ஸ்கேன் எடுப்பதற்கு ஐந்து வாரங்களுக்கு முன்பே மாற்றம் தொடங்கியிருக்கிறது. அதை முதலில் கவனித்தவர்கள் காலையில் வழக்கமாகச் சாப்பிட வருபவர்கள். மீதிச் சில்லறையைத் தப்பாகக் கொடுத்தார். கேட்டால் கோபப்படாமல், திருத்தவும் முயலாமல், பேசாமல் நின்றார். பிறகு மாவில் இரண்டு முறை உப்புப் போட்டது, அடுப்பை அணைக்காமல் படுக்கப் போனது என்று மகளின் பட்டியல் நீண்டது. நான்காவது வாரத்தில் விடியற்காலைத் தலைவலியும் வாந்தியும் சேர்ந்துகொண்டன. இடது கையில் பிடித்திருந்த தட்டு இரண்டு முறை நழுவி விழுந்த பிறகுதான் மருத்துவரிடம் அழைத்துப் போனார்கள்.

அந்த மருத்துவர் அன்றே சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொன்னார். வலது முன்மூளையின் ஆழத்தில், பக்கவாட்டு மூளையறையை ஒட்டி ஒரு கட்டி, அதைச் சுற்றிலும் நீர்வீக்கம். படத்தைத் தெளிவாக்கும் மருந்து ஏற்றாமல் எடுத்த படத்திலேயே கட்டி சுற்றியிருந்த மூளையைவிட வெண்மையாகத் தெரிந்தது. அன்றிரவே ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை 4 மில்லிகிராம் வீதம் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து தொடங்கப்பட்டது. தலைவலியும் வாந்தியும் நீர்வீக்கமும் உள்ள நோயாளிக்கு எந்த ஊரிலும் எந்த மருத்துவரும் செய்யக்கூடியதையே அவர் செய்தார். அதைக் குறை சொல்வது இந்த ஆய்வின் நோக்கமன்று.

நான்காம் நாள் எடுத்த எம்.ஆர்.ஐ.யில் கட்டியின் குறுக்களவு 34 மில்லிமீட்டர். டி2 படத்தில் கருமையாகவும், பரவல் படத்தில் நீர்மூலக்கூறுகளின் நகர்வு தடைபட்டதாகவும், மருந்து ஏற்றிய பின் முழுவதும் ஒரே சீராக ஒளிர்வதாகவும் தெரிந்தது. இந்த மூன்றும் ஒன்றாக வந்தால், செல்கள் இடைவெளியின்றி நெருக்கியடித்துக் கிடக்கும் கட்டியை நினைக்க வேண்டும். கதிரியக்க மருத்துவர் காசநோய்க் கட்டி, உயர்நிலை கிளையோமா (மூளையின் தாங்கு செல்களில் தோன்றும் புற்றுக்கட்டி), லிம்ஃபோமா (லிம்ஃபோசைட் எனும் வெள்ளணுக்களில் தோன்றும் புற்றுநோய்) என மூன்றையும் இதே வரிசையில் எழுதியிருந்தார். மூன்றாவதாக எழுதப்பட்ட பெயரை அதன் பிறகு யாரும் வாய்விட்டுச் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

எங்களிடம் வந்தபோது கண்டவை

பதினோராம் நாள் எங்கள் நரம்பு அறுவைப் பிரிவில் சேர்க்கப்பட்டார். அன்றைய பரிசோதனைக் குறிப்பு கையில் இருக்கிறது. நாள், மாதம், ஊர் எல்லாம் சரியாகச் சொன்னார். 'நூறு ரூபாய் கொடுத்து அறுபத்தைந்து ரூபாய்க்குச் சாப்பிட்டால் மீதி எவ்வளவு' என்ற கேள்விக்குத் தயக்கமின்றி முப்பத்தைந்து என்றார். கண்களை மூடி இரு கைகளையும் உள்ளங்கை மேலாக நீட்டச் சொன்னபோது இடது கை மெல்ல உட்புறம் திரும்பித் தாழ்ந்தது; இடது உள்ளங்காலைக் கீறியபோது பெருவிரல் மேல்நோக்கி எழுந்தது. இவை தவிரக் குறையேதும் இல்லை. குறிப்பின் கடைசி வரி: 'நோயாளி நலமாக உள்ளார்.'

ஒரு வாரத்துக்கு முன் சில்லறை எண்ணத் தெரியாதவர் இன்று நலமாக இருப்பதே ஒரு மருத்துவக் கண்டுபிடிப்பு. அதை யாரும் அப்படிப் பார்க்கவில்லை. பதின்மூன்றாம் நாள் திசு எடுக்கும் இடத்தைக் குறிப்பதற்காக எடுத்த எம்.ஆர்.ஐ.யில் கட்டி 15 மில்லிமீட்டராகச் சுருங்கியிருந்தது. நீர்வீக்கம் வடிந்தால் ஒளிர்வும் குறையும் என்பது உண்மைதான். ஆனால் கட்டியே பாதிக்கும் கீழே போவதற்கு அந்த விளக்கம் போதாது. அறுவை மருத்துவர் இதைக் கவனித்தார். ஏற்கெனவே ஒரு முறை தள்ளிப்போன அறுவை, தியேட்டர் கிடைத்திருந்தது, இலக்கும் இன்னும் கண்ணுக்குத் தெரிந்தது. ஆகவே தொடரலாம் என்று முடிவெடுத்தார்.

முதல் திசுப் பரிசோதனை

பதினான்காம் நாள் காலை, படத்தின் துணையால் இடத்தைத் துல்லியமாகக் குறிக்கும் ஸ்டீரியோடாக்டிக் முறையில் ஊசி வழியாகத் திசு எடுக்கப்பட்டது. எனக்கு வந்த விண்ணப்பத் தாளில் வயது, பால், 'வலது முன்மூளைக் கட்டி; காசநோயா, கிளையோமாவா?' ஆகியவை மட்டுமே இருந்தன. மருந்துகள் என்ற கட்டமே அந்தத் தாளில் கிடையாது.

மூளைத் திசுவை அறுவை நடக்கும்போதே பார்ப்பதற்கு நாங்கள் நம்பியிருப்பது நசுக்குப்பூச்சு முறை. 1930இல் ஹார்வி குஷிங்கும் லூயிஸ் ஐசன்ஹார்ட்டும் மூளைக் கட்டிகளுக்கு இத்தகைய உடனடிப் பரிசோதனையைப் பற்றி எழுதினார்கள். இவ்வளவு கருவிகள் வந்த பிறகும் அது வழக்கொழியவில்லை. குருணையரிசி அளவுத் திசுவைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, இன்னொரு தகட்டால் அழுத்தி ஒரே இழுப்பில் இழுக்க வேண்டும். இழுக்கும்போதே விரலுக்குத் தகவல் வந்துவிடும்: இழைகள் பின்னிய கிளையோமா இழுபட்டு வரும், காசநோய்க் கட்டியின் நார்த்திசு நசுங்க மறுக்கும், லிம்ஃபோமா எதிர்ப்பின்றிப் பரவும். அன்று வந்த துண்டு ஈரமான மாவைப் போலக் குழைந்து, திட்டுத்திட்டாக ஒட்டியது.

நுண்ணோக்கியில் தெரிந்தவை நுரை நிறைந்தது போன்ற சைட்டோபிளாசம் கொண்ட, சிதைவுகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்கள், மூளையின் தாங்கு செல்களான, கைகளை விரித்த எதிர்வினை ஆஸ்ட்ரோசைட்டுகள், அங்கங்கே சிறு லிம்ஃபோசைட்டுகள். கட்டிச் செல் என்று சுட்டிக்காட்ட ஒன்றுமில்லை. தியேட்டருக்குத் தொலைபேசியில் சொல்லி மேலும் இரண்டு துண்டுகள் கேட்டு வாங்கினேன். அவற்றிலும் அதே காட்சி.

மெழுகில் பதித்து வெட்டிய பாரஃபின் வெட்டுகளில், நரம்பிழைகளைப் போர்த்தும் மயலின் உறை சிதைந்திருந்தது. உள்ளிருக்கும் நரம்பிழைகளான ஆக்சான்கள் ஓரளவு தப்பியிருந்தன. சிடி68 சாயம் மேக்ரோஃபேஜ்களைத் திரளாகக் காட்டியது. இரத்தக் குழாய்களைச் சுற்றியிருந்த லிம்ஃபோசைட்டுகள் சிடி3 ஏற்ற டி செல்கள். காசநோயில் காணும் அழற்சிச் செல் முடிச்சான கிரானுலோமா இல்லை; ஜீல்-நீல்சன் சாயத்தில் காசநோய்க் கிருமி இல்லை; திசுவில் செய்த மரபணுச் சோதனையிலும் கிருமி இல்லை. மூளை லிம்ஃபோமா பெரும்பாலும் தோன்றும் பி செல்களைக் காட்டும் சிடி20 சாயம் போடவில்லை. பெரிய, ஒழுங்கற்ற செல் எதுவும் கண்ணில் படாததால் தேவையில்லை என்று நினைத்தேன். இருபதாம் நாள் நான் கையெழுத்திட்ட அறிக்கை இப்படி முடிந்தது: 'மேக்ரோஃபேஜ் மிகுந்த அழற்சி எதிர்வினை. மயலின் சிதைவு நோயைக் கருதலாம். புற்றுநோய்க்கான சான்று இல்லை.'

எடுத்த முடிவும் அதன் காரணங்களும்

துறைகளின் கூட்டத்தில் அந்த மூன்றாவது வாக்கியம் 'புற்றுநோய் இல்லை' என்று வாசிக்கப்பட்டது. கூட்டத்தில் நானும் இருந்தேன், திருத்தவில்லை. கொடுத்த திசுவில் சான்று தெரியவில்லை என்பதற்கும் நோயாளியின் மூளையில் நோய் இல்லை என்பதற்கும் இடையிலுள்ள தூரம் எனக்குத் தெரிந்ததுதான். ஆனால் என் சொற்களும் அந்தத் தூரத்தை மறைக்கும்படியே அமைந்திருந்தன.

மயலின் சிதைவு நோய் 56 வயதில் முதன்முறையாகக் கட்டி போன்ற உருவில் வருவது அரிது என்று நரம்பியல் மருத்துவர் தயங்கினார். மீதமிருந்தது காசநோய். உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழக் கால்பங்கினர் இந்தியாவில் இருக்கிறார்கள். வீட்டில் காசநோய் இருந்திருக்கிறது. காசநோய்க்குத் தோலில் செய்யும் மாண்டோ சோதனையில் தடிப்பு 14 மில்லிமீட்டர். ஊசி முனையில் கிரானுலோமா சிக்காமல் போவது புதிதல்ல. மாண்டோவின் எண்ணுக்கு நம் ஊரில் பெரிய மதிப்பில்லை என்பதும், மார்பு எக்ஸ்ரே இயல்பாக இருந்தது என்பதும் பேசப்பட்டன; எடைபோடப்படவில்லை. எச்.ஐ.வி. சோதனை எதிர்மறை. இருபத்துமூன்றாம் நாள் நான்கு மருந்துகள் கொண்ட காசநோய்ச் சிகிச்சை தொடங்கியது. மூளைக் காசநோய்க்கு வழக்கமாகச் சேர்ப்பது போல டெக்ஸாமெத்தசோனும் தொடர்ந்தது.

அதற்குப் பின் நடந்தவை நாங்கள் நினைத்ததற்கு ஒத்தே வந்தன; பிழையை நீட்டித்ததும் அதுதான். ஐம்பத்தாறாம் நாள் எம்.ஆர்.ஐ.யில் மெல்லிய ஒளிர்கோடு ஒன்று மட்டுமே எஞ்சியிருந்தது. மருந்து வேலை செய்கிறது என்று எல்லோரும் மகிழ்ந்தோம். இரண்டு வகை மருந்துகளை ஒன்றாகக் கொடுத்துவிட்டு, முன்னேற்றத்தை ஒன்றின் கணக்கில் மட்டும் எழுதினோம். அறுபத்தைந்தாம் நாளுக்குள் ஸ்டீராய்டு படிப்படியாகக் குறைக்கப்பட்டு நிறுத்தப்பட்டது. இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு: காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின், கல்லீரலில் டெக்ஸாமெத்தசோன் வேகமாகச் சிதைவதற்குக் காரணமாகும். எனவே தாளில் எழுதிய அளவைவிட உடம்பில் வேலை செய்த அளவு முன்னதாகவே குறையத் தொடங்கியிருக்க வேண்டும்.

மீண்டும் வந்தபோது

தொண்ணூற்றிரண்டாம் நாள் இடது காலை இழுத்து நடந்தபடி, கேட்ட கேள்விக்கு நெடுநேரம் கழித்துப் பதில் சொல்பவராக வந்து சேர்ந்தார். மகளை அடையாளம் தெரிந்தது, பெயர் வரவில்லை. எம்.ஆர்.ஐ.யில் பழைய இடம் மீண்டும் ஒளிர்ந்தது. இரண்டு அரைக்கோளங்களையும் இணைக்கும் கார்பஸ் கலோசத்தின் பின்பகுதியில் புதிதாக ஒரு கட்டி இருந்தது.

காசநோய்ச் சிகிச்சையின் நடுவே பழைய கட்டி பெருப்பதும் புதியது தோன்றுவதும் உண்டு. நோயெதிர்ப்பு ஆற்றல் மீள்வதால் வரும் அந்த முரண் எதிர்வினைக்கு மருந்து ஸ்டீராய்டுதான். பணியிலிருந்த மருத்துவர் அப்படியே கருதி டெக்ஸாமெத்தசோன் எழுதினார். அது ஏற்றப்பட்டிருந்தால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி முடிந்திருக்கும். அறுவை மருத்துவர் முதல் மருந்தளவு கொடுக்கப்படுவதற்கு முன் என்னை அழைத்து, பழைய தகடுகளை மறுபடி பார்க்கச் சொன்னார்.

தகடுகளை எடுப்பதற்கு முன் என் முதுகலை மாணவியை வார்டுக்கு அனுப்பி, நோய் வரலாற்றை முதலிலிருந்து கேட்டுவரச் சொன்னேன். மகள் ஒரு மஞ்சப்பையைக் கவிழ்த்து எல்லாச் சீட்டுகளையும் கட்டிலில் பரப்பியிருக்கிறார். "இதுதான் மேடம் முதல்ல குடுத்தது. இதைப் போட்ட மூணாம் நாளே அம்மா பழையபடி ஆயிட்டாங்க. இங்க வந்தப்பவும் சொன்னேனே" என்று ஒரு சீட்டைக் காட்டினார். திசு எடுத்ததற்குப் பதின்மூன்று நாள் முந்தைய தேதியுடன் டெக்ஸாமெத்தசோன் எழுதிய சீட்டு அது. சொல்லப்பட்ட செய்தி யார் காதிலோ விழுந்து, எந்தத் தாளிலும் ஏறாமல் போயிருக்கிறது.

அந்தச் சீட்டுக்குப் பிறகு பழைய தகடுகள் வேறாகத் தெரிந்தன. மூன்றாவது துண்டின் ஓரத்தில், ஒரு சிறு இரத்தக் குழாயைச் சுற்றி நொறுங்கிய நியூக்ளியஸ்களின் கருந்தூள் படிந்திருந்தது. முதல் முறை அதை நசுங்கிய செல் என்று தாண்டிப் போயிருக்கிறேன். திசுவைப் பதித்து மீதமிருந்த பாரஃபின் மெழுகுத் துண்டில் சிடி20 சாயம் போட்டபோது அதே குழாயின் சுவரில் பெரிய செல்கள் ஐந்தாறு, பாதி சிதைந்த நிலையில், பழுப்பு நிறமேறி நின்றன. இதைக் கொண்டு லிம்ஃபோமா என்று எழுத முடியாது. ஆனால் ஸ்டீராய்டைத் தொடாதீர்கள் என்று சொல்ல இது போதும்.

லிம்ஃபோமா செல்களுக்குள் ஸ்டீராய்டு நுழைந்து அதற்குரிய ஏற்பியுடன் இணையும்போது அந்தச் செல்கள் தாமாகவே அழியத் தொடங்குகின்றன. கிளையோமாவில் ஸ்டீராய்டு வீக்கத்தை வடிக்கும், கட்டிச் செல்லைக் கொல்லாது. லிம்ஃபோமாவிலோ சில நாள்களில் செல்களே மறைந்து, சிதைந்ததை விழுங்க வந்த மேக்ரோஃபேஜ்களும் காவலுக்கு நின்ற டி செல்களும் மட்டும் எஞ்சும். நான் அறிக்கையில் எழுதியது அந்த மிச்சத்தைத்தான். நோய் குணமாகியிருக்காது, வாரங்களோ மாதங்களோ கழித்து, பெரும்பாலும் வேறோர் இடத்தில், திரும்பி வரும்.

இரண்டாம் திசுப் பரிசோதனை

ஸ்டீராய்டு நிறுத்தி வைக்கப்பட்டது. மூளை அழுத்தத்தைக் குறைக்க மானிட்டால் கொடுத்து, மணிக்கொரு முறை கண்பாவையும் நினைவுநிலையும் பார்க்கப்பட்டன. நிலை மோசமானால் திசுவை மறந்துவிட்டு ஸ்டீராய்டு கொடுக்க வேண்டும் என்பதையும் முன்பே எழுதி வைத்தோம். தொண்ணூற்றாறாம் நாள் கார்பஸ் கலோசத்திலிருந்து திசு எடுக்கப்பட்டது.

தகடு தடையின்றி வழுக்கிச் சென்றது. ஒன்றோடொன்று ஒட்டாமல், தனித்தனியாகச் சிதறிய பெரிய வட்டச் செல்கள். சைட்டோபிளாசம் நூலளவு விளிம்பு. நியூக்ளியஸுக்குள் துருத்தித் தெரியும் நியூக்ளியோலஸ். எங்கும் செல் பிரிதலும் செல் அழிவும். பின்னணியில் கிளையோமாவுக்குரிய இழைவலை இல்லை. பன்னிரண்டு நிமிடத்தில் தியேட்டருக்கு 'லிம்ஃபோமா' என்று சொல்ல முடிந்தது. இந்த நோய்க்குக் கட்டியை வெட்டி எடுப்பதால் பலன் பெரிதில்லை என்பதால், அறுவை மருத்துவர் அத்துடன் நிறுத்தினார்.

மூன்று நாளில் சாய முடிவுகள் வந்தன. பெரிய செல்கள் சிடி20, பிசிஎல்6, எம்யூஎம்1 ஆகியவற்றை ஏற்றன, சிடி10 ஏற்கவில்லை, சிடி3 சிறு செல்களில் மட்டும். செல் பெருக்கத்தைக் காட்டும் கேஐ-67 தொண்ணூறு விழுக்காட்டை ஒட்டியிருந்தது. மூளையின் தாங்கு செல்களைக் காட்டும் ஜிஎஃப்ஏபி, எதிர்வினை ஆஸ்ட்ரோசைட்டுகளில் மட்டுமே தெரிந்தது. பரவலான பெரிய பி செல் லிம்ஃபோமா என்று உறுதியாயிற்று. உடல் முழுவதற்குமான ஸ்கேன், எலும்பு மஜ்ஜை, கண்ணின் பிளவு விளக்குப் பரிசோதனை ஆகியவற்றில் வேறெங்கும் நோய் இல்லை. எனவே மைய நரம்பு மண்டலத்திலேயே தோன்றியது என்று முடிவானது. கண்ணைப் பார்ப்பதை விடக் கூடாது. விழித்திரையிலும் விழிக்கூழிலும் இந்த நோய் சத்தமில்லாமல் ஒளிந்திருக்கும்.

தொடர்ந்து நடந்தவை

காசநோய் மருந்துகள் நிறுத்தப்பட்டன. நூற்று மூன்றாம் நாள் உயர் அளவு மெத்தோட்ரெக்ஸேட் என்ற புற்றுநோய் மருந்து, ஒரு சதுர மீட்டர் உடற்பரப்புக்கு 3.5 கிராம் வீதம், சிடி20 உள்ள செல்களைத் தாக்கும் ரிட்டுக்ஸிமாபுடன் தொடங்கியது. மெத்தோட்ரெக்ஸேட் பழைய மருந்து, எளிதில் கிடைப்பது. சிக்கல் அதன் இரத்த அளவைத் தினமும் பார்ப்பதில் இருந்தது. எங்களிடம் அந்தச் சோதனை இல்லாததால் மாதிரி வெளியே போய்வர வேண்டியிருந்தது. சிறுநீரைக் காரத்தன்மையில் வைத்திருப்பதும் மெத்தோட்ரெக்ஸேட்டின் நச்சைத் தணிக்கும் லூக்கோவோரினை நேரம் தவறாமல் கொடுப்பதும் வார்டுச் செவிலியர்கள் சுமந்த வேலை.

நான்கு சுற்றுகளுக்குப் பின் எம்.ஆர்.ஐ.யில் கட்டி தெரியவில்லை. மூளை முழுவதற்குமான கதிர்வீச்சு நினைவாற்றலைக் கெடுக்கும் என்பதால் அதைத் தவிர்த்து, சைட்டராபின் என்ற இன்னொரு புற்றுநோய் மருந்தால் சிகிச்சை நிறைவு செய்யப்பட்டது. பதினைந்து மாதங்கள் கடந்துவிட்டன, நோய் திரும்பவில்லை. இடது கைப்பிடியில் சிறு தளர்வு நிலைத்துவிட்டது. கடைக்கு வருகிறார், கல்லாவில் மகள் உட்காருகிறார். இரண்டு திசுப் பரிசோதனைகளுக்கும் இடையே போன எண்பத்திரண்டு நாள்களில் இந்தத் தளர்வில் எவ்வளவு சேர்ந்தது என்று கணக்கிட வழியில்லை.

மாற்றியவை, மாற்ற முடியாதவை

விண்ணப்பத் தாளில் இப்போது முதல் வரியே 'ஸ்டீராய்டு: எந்த மருந்து, எத்தனை நாள், கடைசியாக எப்போது' என்பதாகும். அது நிரப்பப்படாமல் வரும் மூளைத் திசுவைப் பரிசோதிக்க மறுப்பதில்லை. ஆனால் வார்டுக்குத் தொலைபேசி போகாமல் அறிக்கை வெளியே போகாது. மேக்ரோஃபேஜ் மிகுந்த மூளைத் திசு எதுவானாலும் சிடி20 சாயம் தானாகப் போடப்படுகிறது. 'சான்று இல்லை' என்ற தொடரை எங்கள் துறையில் கைவிட்டோம். இன்று அதே திசு வந்தால் நான் எழுதுவது: 'கொடுத்த திசுவிலிருந்து நோயை முடிவுசெய்ய இயலவில்லை. ஸ்டீராய்டு எடுத்துள்ள நோயாளியில் லிம்ஃபோமாவை இது விலக்காது. கட்டி மீண்டும் வளர்ந்தால் ஸ்டீராய்டு தொடங்கும் முன் திசு அனுப்பவும்.'

திசு எடுப்பதற்கு முந்தைய எம்.ஆர்.ஐ.யில் கட்டி சுருங்கியிருந்தால் அறுவையைத் தள்ளிவைத்து, ஸ்டீராய்டைக் குறைத்து நிறுத்தி, மறுபடி படமெடுத்துப் பார்ப்பது என்று அறுவைத் துறை தன் பங்குக்கு முடிவு செய்திருக்கிறது. எத்தனை வாரம் காத்திருப்பது என்பதற்கு எல்லா நோயாளிக்கும் பொருந்தும் எண் கிடையாது. படமும் கைகால் வலுவும் சொல்வதைக் கேட்டு நகர வேண்டியிருக்கிறது. சுற்றுவட்டார மருத்துவர்களிடம் பேசும்போது, மூளையறையை ஒட்டி, மருந்து ஏற்றும் முன்பே வெண்மையாகத் தெரியும் கட்டியைக் கண்டால், முடிந்தவரை ஸ்டீராய்டு கொடுக்காமல் அன்றே அனுப்பிவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். கண்பாவை விரிந்து, நினைவு மங்கிக்கொண்டிருக்கும் ஒருவரை இரண்டு மணி நேரம் ஆம்புலன்ஸில் அனுப்புபவர் இந்த வேண்டுகோளைப் பின்பற்ற முடியாது, பின்பற்றவும் கூடாது. அவரிடம் கேட்பது, கொடுத்த மருந்தின் பெயரையும் நேரத்தையும் ஸ்கேன் உறையின் மேல் பெரிதாக எழுதி அனுப்புங்கள் என்பது மட்டும்தான்.